579 கிலோ கலமும் 430 கோடி கிலோ பாறையும்: டார்ட் மோதலின் உந்தக் கணக்கு

பதினோராம் வகுப்புப் பாடத்தில் உந்த மாறா விதிக்கு இரண்டு பந்துகளை மோதவிட்டுக் கணக்குப் போடுவோம். மோதலுக்கு முன் மொத்த உந்தம் (நிறையையும் வேகத்தையும் பெருக்கி வருவது) எவ்வளவோ, பின்னும் அவ்வளவே. 2022 செப்டம்பரில் நாசாவின் டார்ட் கலம் ஒரு சிறுகோளின் துணைக்கோளில் மோதியபோது இதே கணக்கு விண்வெளியில் உண்மையான பொருள்களை வைத்துப் போடப்பட்டது. முதல் பார்வைக்கு விடை பொருந்தவில்லை. உள்ளே போனதைப் போல மூன்று மடங்குக்கும் மேலான உந்தம் வெளியே வந்ததுபோலத் தெரிந்தது. விதி பொய்க்கவில்லை, கணக்கில் ஒரு பத்தி விடுபட்டிருந்தது. அந்தப் பத்தி எது, அதை எப்படி நிரப்பினார்கள், இன்னும் எது நிரம்பவில்லை என்பதே இந்த ஆய்வு.

பின்னணி

பூமியை நோக்கி ஒரு சிறுகோள் வருவது சில ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்தால் அதை உடைக்க வேண்டியதில்லை. வேகத்தைச் சற்றே மாற்றினால் போதும். வினாடிக்குச் சில மில்லிமீட்டர் மாற்றமும் பத்தாண்டுகளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடமாற்றமாகக் குவிந்துவிடும். கனமான ஒரு கலத்தை வேகமாகக் கொண்டுபோய் இடித்து அந்த மாற்றத்தைத் தர முடியுமா என்று சோதிக்க நாசா அனுப்பியதுதான் டார்ட். கலத்தை வடிவமைத்து இயக்கியது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகம்.

2005 ஜூலை 4 அன்று டீப் இம்பாக்ட் திட்டத்தின் 370 கிலோ மோதுபொருள் டெம்பெல் 1 என்ற வால்மீனில் வினாடிக்கு சுமார் 10 கி.மீ. வேகத்தில் மோதியது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே அதன் நோக்கம். வால்மீன் பல கிலோமீட்டர் அகலமானது என்பதால் அதன் பாதை மாறியதை அளக்க வழியில்லை. எனவே டார்ட் குழு முதலில் தேடியது மாற்றத்தை அளக்கக்கூடிய ஒரு இலக்கை.

இலக்கைத் தேர்ந்தெடுத்த காரணம்

டிடிமோஸ் என்ற சிறுகோள் 1996-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதைச் சுற்றி ஒரு குட்டித் துணைக்கோள் இருப்பது 2003-இல் தெரிந்தது. பெரியது சுமார் 760 மீட்டர். டைமார்ஃபோஸ் என்று பின்னர் பெயரிடப்பட்ட சிறியது சுமார் 150 மீட்டர். இடையிலான தூரம் 1.2 கி.மீ.க்கு அருகில். சிறியது பெரியதை 11 மணி 55 நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றி வந்தது.

இந்த இரட்டை அமைப்பில் அளவீடு எளிதாகும் காரணம் இதுதான். தனியான ஒரு சிறுகோளை இடித்து வினாடிக்கு 2, 3 மி.மீ. மாற்றினால், சூரியனைச் சுற்றும் வினாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் அந்த மாற்றம் மூழ்கிப் போகும். அதைப் பிரித்தறிய ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். டைமார்ஃபோஸ் டிடிமோஸைச் சுற்றும் வேகமோ வினாடிக்கு வெறும் 17 செ.மீ. நாம் மெதுவாக நடப்பதைவிடக் குறைவு. 17 செ.மீ.யில் 2 மி.மீ. என்றால் நூற்றுக்கு ஒன்றுக்கும் மேல். அது சுற்றுக்காலத்தில் பளிச்சென்று தெரியும்.

சுற்றுக்காலத்தை அளக்க கலம் எதுவும் அருகில் இருக்கத் தேவையில்லை. பூமியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே ஒளிப்புள்ளி. சிறியது பெரியதன் பின்னால் மறையும்போதும் முன்னால் கடக்கும்போதும் அந்தப் புள்ளி சற்றே மங்கும். பரப்பளவு விகிதத்தை வைத்துப் பார்த்தால் மங்குவது நூற்றுக்கு நான்கு அளவுக்குத்தான். ஆனாலும் நல்ல தொலைநோக்கி அதைப் பிடித்துவிடும். இரண்டு மங்கல்களுக்கு இடைப்பட்ட நேரத்தை அளந்தால் வேலை முடிந்தது. 2022 செப்டம்பர் இறுதியில் இந்த அமைப்பு பூமியிலிருந்து சுமார் 1.1 கோடி கி.மீ. தூரம்வரை நெருங்கும் என்பதால் மோதலுக்கு அந்த நாள்கள் தேர்வாயின.

இன்னொரு முடிவு பாதுகாப்பு சார்ந்தது. துணைக்கோளின் நிறை முழு அமைப்பின் நிறையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே அதை இடித்தாலும் அமைப்பு சூரியனைச் சுற்றும் பாதை பெயருக்குத்தான் மாறும். பூமிக்கு இல்லாத ஆபத்தைச் சோதனையே உண்டாக்கிவிடக் கூடாது என்பதில் குழு கறாராக இருந்தது.

எந்தப் பக்கத்திலிருந்து இடிப்பது? துணைக்கோள் வரும் திசைக்கு எதிரே, ஏறக்குறைய நேருக்கு நேர். அப்படி இடித்தால் வேகம் குறையும், சுற்றுப்பாதை சுருங்கும், சுற்றுக்காலமும் குறையும். பிரேக் போட்ட வண்டி எப்படிச் சீக்கிரம் ஊர் சேரும் என்று மாணவர்கள் குழம்பும் இடம் இது. ஈர்ப்பில் சுற்றும் பொருளின் வேகத்தைக் குறைத்தால் அது மையத்தை நோக்கி இறங்கும். உள்வட்டம் சிறியது, அங்கே சராசரி வேகமும் அதிகம். அதனால் சுற்று சீக்கிரம் முடிகிறது.

மோதலுக்கு முன் போட்ட கணக்கு

தேவைப்பட்ட எண்கள் நான்கு: கலத்தின் நிறை, மோதும் வேகம், துணைக்கோளின் நிறை, அதன் சுற்றுவேகம்.

கலம் புறப்பட்டபோது சுமார் 610 கிலோ இருந்தது. வழியில் எரிபொருள் செலவானது. மோதலுக்கு 15 நாள் முன்பு, செப்டம்பர் 11 அன்று, இத்தாலிய விண்வெளி நிறுவனத்தின் 14 கிலோ குட்டிக் கலமான லிசியாகியூப் பிரிந்து சென்றது. மோதும்போது எஞ்சியது 579.4 கிலோ. புறப்பட்ட நிறையை வைத்துக் கணக்குப் போடுபவர்கள் இங்கேயே நூற்றுக்கு ஐந்து பிழையோடு தொடங்குகிறார்கள்.

துணைக்கோளைப் பொறுத்த வேகம் வினாடிக்கு 6.1449 கி.மீ. இங்கே ‘பொறுத்த’ என்ற சொல் முக்கியம். சூரியனைப் பொறுத்த கலத்தின் வேகத்தை எடுத்தால், துணைக்கோளின் வேகத்தையும் சூரியனைப் பொறுத்தே எடுக்க வேண்டும். ஒன்றை அங்கிருந்தும் மற்றொன்றை இங்கிருந்தும் எடுத்தால் கணக்கு நாசம்.

ஆக, கலம் கொண்டுபோன உந்தம் 579.4 × 6144.9, அதாவது 35.6 லட்சம் கிலோகிராம் மீட்டர்/வினாடி.

துணைக்கோளின் நிறையை யாரும் நேரடியாக அளந்ததில்லை. உருவ அளவு தெரியும், அடர்த்தி ஊகம்தான். பெரியதன் அடர்த்தியான கனமீட்டருக்கு 2400 கிலோ என்பதையே சிறியதற்கும் எடுத்துக்கொண்டால் நிறை 430 கோடி கிலோ வருகிறது.

கலம் களிமண்ணில் எறிந்த கல்போல ஒட்டிக்கொண்டது, எதுவும் தெறிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். இது முழு மீட்சியற்ற மோதல். 35.6 லட்சத்தை 430 கோடியால் வகுத்தால் வேகமாற்றம் வினாடிக்கு 0.83 மி.மீ.

இதைச் சுற்றுக்காலமாக மாற்ற ஒரு குறுக்குவழி உண்டு. வட்டப்பாதையில் செல்லும் பொருளின் வேகம் பாதை வழியே சிறிதளவு மாறினால், பாதையின் ஆரம் அந்த மாற்ற விகிதத்தைப் போல இரண்டு மடங்கு மாறும். சுற்றுக்காலம் ஆரத்தின் ஒன்றரை அடுக்கைச் சார்ந்தது. இரண்டையும் ஒன்றரையையும் பெருக்கினால் மூன்று. எனவே சுற்றுக்கால மாற்ற விகிதம், வேகமாற்ற விகிதத்தைப் போல மும்மடங்கு. 0.83 மி.மீ.யை 174 மி.மீ.யால் வகுத்து, மூன்றால் பெருக்கி, 715 நிமிடத்தால் பெருக்கினால் சுமார் 10 நிமிடம். மோதலுக்கு முன் கையில் இருந்த அளவுகளை வைத்து வெளியான மதிப்பீடு சுமார் 7 நிமிடம். நிறையையும் தூரத்தையும் சற்று மாற்றினால் விடை இப்படி ஆடும்.

திட்டம் வெற்றி என்று சொல்ல வைத்த குறைந்தபட்ச வரம்பு 73 வினாடி. அதாவது வினாடிக்கு 0.1 மி.மீ. வேகமாற்றம். அளவீடு பிழைத்தாலும் திட்டம் பிழைக்க வேண்டும் என்பதற்காக வைத்த மிகத் தாழ்ந்த கம்பு அது.

பயணமும் கடைசி நான்கு மணி நேரமும்

2021 நவம்பர் 24 அன்று கலிபோர்னியாவின் வாண்டன்பெர்க் தளத்திலிருந்து ஃபால்கன் 9 ஏவூர்தியில் கலம் புறப்பட்டது. வழியில் புதுவகை அயனி எந்திரம் ஒன்றைச் சோதிக்கும் திட்டமும் இருந்தது. அதை இயக்கியபோது எதிர்பார்த்ததைவிட அதிக மின்னோட்டம் தென்பட்டதால் தொடரவில்லை. ஹைட்ரசீன் எரிபொருளில் இயங்கும் உந்திகளே கடைசிவரை வேலை செய்தன. முதன்மை நோக்கத்துக்குத் தேவையில்லாத ஒன்றுக்காக முழுத் திட்டத்தையும் பணயம் வைக்காத இந்த முடிவு சரியானது.

கலத்தில் இருந்த ஒரே ஆய்வுக் கருவி டிராகோ என்ற கேமரா. மோதலுக்கு நான்கு மணி நேரம் இருக்கையில், சுமார் 90,000 கி.மீ. தொலைவில், ஸ்மார்ட் நேவ் என்ற தானியங்கி வழிநடத்தல் பொறுப்பேற்றது. பூமியிலிருந்து கட்டளை போய்ச்சேரவே 37 வினாடி ஆகும். பார்த்து, முடிவெடுத்து, திருப்பிச் சொல்வதற்குள் கலம் 450 கி.மீ. கடந்திருக்கும். இலக்கோ 150 மீட்டர்.

அந்த நேரத்தில் கேமராவில் தெரிந்தது பெரிய கோள் மட்டுமே. சிறியது தனிப்புள்ளியாகத் தெரிந்தது ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது. மென்பொருள் பெரியதை விட்டுவிட்டுச் சிறியதைப் பிடிக்க வேண்டும், பிடித்ததை விடக்கூடாது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு அப்போது பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. கடைசிச் சுமார் இரண்டரை நிமிடம் உந்திகளும் நிறுத்தப்பட்டன. அவை இயங்கினால் கலம் அதிரும், படம் குழம்பும். 900 கி.மீ. தொலைவிலிருந்து இயங்காமல் விட்ட கலம் இலக்கின் மையத்துக்கு 25 மீட்டருக்குள் போய் விழுந்தது.

மோதல்

2022 செப்டம்பர் 26, உலகப் பொது நேரம் 23:14. இந்திய நேரப்படி மறுநாள் அதிகாலை 4:44.

மோதலுக்கு இரண்டு வினாடி முன், 12 கி.மீ. தொலைவிலிருந்து எடுத்த படம்தான் முழுமையாக வந்த கடைசிப் படம். 31 மீட்டர் அகலத் தரை அதில் தெரிகிறது. சமதளம் ஓர் இடத்தில்கூட இல்லை. சரளைக்கல் லாரி கொட்டிய இடம்போல, கல் மேல் கல். அதற்கடுத்த படம் மேல்பகுதி மட்டும் வந்து நின்றுவிட்டது. மீதியை அனுப்பக் கலம் இல்லை.

கலத்தின் உடல் சுமார் 1.3 மீட்டர் பெட்டி. இருபுறமும் 8.5 மீட்டர் நீளச் சூரியத்தகடுகள். விழுந்த இடத்தில் ஆறு மீட்டரைத் தாண்டும் இரண்டு பாறைகள் இருந்தன. தகடுகள் முதலில் அந்தப் பாறைகளில் பட்டன. அடுத்த கணத்தில் உடல் இரண்டுக்கும் நடுவே தரையில் இறங்கியது. ஒரு மீட்டரைக் கடக்க அதற்கு 0.16 மில்லிவினாடி போதும். பாடநூல் வரையும் ‘புள்ளி நிறை’ மோதலுக்கும் இதற்கும் உள்ள தூரம் பின்னால் பேசப்படும்.

பின்னர் கண்டவை

சுமார் மூன்று நிமிடம் கழித்து லிசியாகியூப் 58 கி.மீ. தொலைவில் கடந்து சென்றது. அதன் படங்களில் துணைக்கோளிலிருந்து அகன்ற கூம்பாகத் தூசியும் கல்லும் பீறிட்டு, இழை இழையாகப் பிரிந்து நிற்பது தெரிந்தது. பூமியிலிருந்து பார்த்தபோது அமைப்பின் ஒளி எட்டு மடங்குக்கு மேல் கூடியது. சில நாள்களில் ஆயிரக்கணக்கான கி.மீ. நீளத்துக்குத் தூசி வால் முளைத்தது.

இந்தப் பிரகாசம் அளவீட்டுக்கு இடைஞ்சல். நூற்றுக்கு நான்கு மங்கலைத் தேடும் இடத்தில் எட்டு மடங்கு தூசி வெளிச்சம் பரவினால் மங்கல் எங்கே தெரியும்? தூசி கலையக் கலையத்தான் ஒளி கூடிக் குறைவதைக் காட்டும் ஒளிவரைபடம் தெளிந்தது. இதை எதிர்பார்த்தே அமெரிக்காவின் கோல்ட்ஸ்டோன், கிரீன் பேங்க் ரேடார்களும் ஈடுபடுத்தப்பட்டிருந்தன. தூசியின் ஒளி ரேடாருக்குப் பொருட்டே இல்லை. ஒன்றையொன்று சாராத இரு வழிகளும் ஒரே விடையைத் தந்ததால்தான் அதை நம்ப முடிந்தது.

அக்டோபர் 11 அன்று அறிவித்த விடை: சுற்றுக்காலம் 32 நிமிடம் குறைந்தது, பிழை கூடவோ குறையவோ 2 நிமிடம். மேலும் தரவு சேர்ந்தபின் 33 நிமிடம், பிழை 1 நிமிடம். புதிய சுற்றுக்காலம் 11 மணி 23 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. பாதையின் ஆரம் 37 மீட்டர் அளவுக்குச் சுருங்கியது. பின்னர் வந்த நுண்ணாய்வு இன்னொன்றையும் காட்டியது: மோதிய உடனே 32 நிமிடம் 42 வினாடி குறைந்தது, அடுத்த வாரங்களில் கற்கள் தொடர்ந்து வெளியேறியதால் அது 33 நிமிடம் 15 வினாடியாகக் கூடியது. மோதல் ஒரு கணத்தில் முடிந்துவிடவில்லை.

கணக்கு பொருந்தாத இடம்

33 நிமிடத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் பாதை வழியேயான வேகமாற்றம் வினாடிக்கு 2.7 மி.மீ. அதை 430 கோடி கிலோவால் பெருக்கினால் துணைக்கோள் பெற்ற உந்தம் 116 லட்சம். உள்ளே போனதோ 35.6 லட்சம். வகுத்தால் 3.3. கலம் வந்த திசை, கல் தெறித்த திசை, துணைக்கோளின் பாதை மூன்றும் ஒரே கோட்டில் இல்லை. அந்தக் கோணங்களைச் சேர்த்துத் திருத்தினால் 3.61. துணைக்கோள் பெற்ற உந்தத்தைக் கலம் கொண்டுபோன உந்தத்தால் வகுத்து வரும் இந்த விகிதத்துக்குப் பீட்டா என்று பெயர்.

பீட்டா ஒன்று என்றால் கலம் ஒட்டிக்கொண்டது. பீட்டா இரண்டு என்றால் சுவரில் பட்ட ரப்பர் பந்துபோல அதே வேகத்தில் திரும்பி வந்தது. கேரம் ஸ்ட்ரைக்கர் விளிம்புக் கட்டையில் பட்டுத் திரும்பும்போது கட்டைக்குக் கிடைக்கும் உந்தம் ஏறக்குறைய இரட்டிப்பு. இலகுவான ஒற்றைப் பொருள் மிகக் கனமான பொருளில் மோதினால் இரண்டுக்கு மேல் போகவே முடியாது. பலர் தடுமாறும் இடம் இந்த 3.6.

இரண்டைத் தாண்டியதற்குக் காரணம், திரும்பி வந்தது கலம் மட்டுமல்ல. கலம் மோதிய திசைக்கு எதிராகக் குறைந்தது பத்து லட்சம் கிலோ கல்லும் மண்ணும் கிளம்பின. கலத்தின் நிறையைப் போல ஆயிரத்து எழுநூறு மடங்கு. பீட்டாவில் ஒன்று கலத்தின் பங்கு, மீதி 2.61 அவற்றின் பங்கு. எனவே அவை பின்னோக்கிக் கொண்டுபோன உந்தம் 2.61 × 35.6, அதாவது 93 லட்சம். துப்பாக்கி பின்னுதைப்பதுபோல, அதே அளவு உந்தம் முன்னோக்கித் துணைக்கோளுக்குச் சேர்ந்தது. கலம், துணைக்கோள், தெறித்த பொருள் மூன்றையும் ஒரே பேரேட்டில் எழுதினால் வரவும் செலவும் சரியாக நிற்கும். மோதலில் உந்தம் மாறாது என்பது முழு அமைப்புக்கு. அதில் எதைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்று பார்க்காமல் விதியைக் குறைசொல்ல முடியாது.

அவ்வளவு பொருளை வெளியே தள்ளப் போதிய ஆற்றல் இருந்ததா? தாராளமாக. கலத்தின் இயக்க ஆற்றல் 1094 கோடி ஜூல். இரண்டரை டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம். 93 லட்சம் உந்தத்தைப் பத்து லட்சம் கிலோ சுமந்தால் சராசரி வேகம் வினாடிக்கு 9.3 மீட்டர், ஆற்றல் 4.3 கோடி ஜூல். மொத்தத்தில் நூற்றுக்கு அரைகூட இல்லை. தெறித்த நிறை ஒரு கோடி கிலோ என்றால் இன்னும் பத்தில் ஒன்றாகக் குறையும். கூம்பாகப் பரவுவதால் உண்மை வேகமும் ஆற்றலும் இதைவிடச் சற்றுக் கூடும். ஆனாலும் கையிருப்பில் அது சில்லறை. குறைந்த ஆற்றலில் நிறைய உந்தம் கொடுக்க வேண்டுமானால் கனமானதை மெதுவாகத் தள்ள வேண்டும். மோதுகுழி செய்தது அதையே. துணைக்கோளின் ஈர்ப்பிலிருந்து தப்பத் தேவையான விடுபடு வேகம் அங்கே வினாடிக்கு 9 செ.மீ. அளவுதான். லேசாக எகிறிய கல்லும் திரும்பி விழவில்லை.

துணைக்கோள் நகர்ந்ததில் சேர்ந்த இயக்க ஆற்றல் எவ்வளவு? மோதலுக்கு முன் அது அசையாமல் நின்றதாக வைத்துப் பார்த்தால் அரை × 430 கோடி × 0.0027-இன் வர்க்கம்: சுமார் 15,700 ஜூல். ஒரு டம்ளர் தண்ணீரை, 150 மில்லி, 25 டிகிரி சூடேற்றும் ஆற்றல். 1094 கோடியில் மீதி பாறையை நொறுக்கியது, உருக்கியது, சூடேற்றியது, தெறிக்கவிட்டது. உந்தத்தின் பேரேடு மூடுகிறது. இயக்க ஆற்றலின் பேரேடு மூடவே இல்லை. மீட்சியற்ற மோதலுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வகுப்பறையில் கிடைப்பது அரிது.

திசை என்ற விடுபட்ட பத்தி

உந்தம் திசை உள்ள அளவு. மோதல் முடிந்து ஓராண்டுக்குள் ஹப்பிள் தொலைநோக்கி, துணைக்கோளிலிருந்து பிரிந்து மெதுவாக விலகும் 37 பாறைகளைக் காட்டியது. ஒரு மீட்டர் முதல் ஏறக்குறைய ஏழு மீட்டர்வரை அகலம், வேகம் நம் நடையைவிடக் குறைவு. லிசியாகியூப் படங்களை அலசி 2025-இல் வெளியான ஆய்வோ வேறு கதை சொன்னது. 0.2 முதல் 3.6 மீட்டர் ஆரமுள்ள 104 பாறைகள், சில வினாடிக்கு 52 மீட்டர்வரை வேகத்தில், இரு கொத்துகளாகப் பறந்திருந்தன. அவற்றின் உந்தம் பெரும்பாலும் கலம் வந்த திசைக்குச் செங்குத்தாக இருந்தது.

இவை தகடுகள் பட்டு நொறுங்கிய அந்த இரண்டு பாறைகளின் துண்டுகளாக இருக்கக்கூடும் என்கிறது அந்த ஆய்வு. பக்கவாட்டில் போன உந்தம் சுற்றுக்காலத்தில் தெரியாது. ஆனால் துணைக்கோளின் சுற்றுத்தளத்தை ஒரு டிகிரிவரை சாய்த்திருக்கலாம். 33 நிமிடத்தை மட்டும் பார்த்துப் பீட்டா சொன்னவர்களின் கணக்கில் இந்தப் பகுதி வரவே இல்லை. பாதை வழியேயான கூறு மட்டும்தான் அளக்கப்பட்டது. அது தவறல்ல, ஆனால் முழுமையும் அல்ல.

துணைக்கோளின் உருவமும் மாறியது. மோதலுக்கு முன் அது தட்டையான உருண்டை. பின்வந்த ஒளிவரைபடங்களும் ரேடார் தரவும் மூன்று அச்சுகளும் வெவ்வேறு நீளமாகிவிட்டதைக் காட்டுகின்றன. தளர்வாகக் குவிந்த கற்குவியலில் இடித்தால் ஒரு குழி விழுவதோடு நிற்காது, குவியலே சரியும்.

இனி மாற்ற வேண்டியவை

முதல் குறை நிறை. 3.61 என்ற எண்ணின் பிழையாகச் சொல்லப்படும் 0.2, அடர்த்தி 2400 என்று நம்பினால்தான் பொருந்தும். அடர்த்தி 1500 என்றால் பீட்டா 2.2, 3300 என்றால் 4.9. இரண்டும் ஏறக்குறைய நேர்விகிதத்தில் ஏறி இறங்கும். சுற்றுக்காலத்தை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் இந்த இடைவெளி சுருங்காது. அளக்கக் கடினமானதை விட்டுவிட்டு அளக்க எளிதானதையே திரும்பத் திரும்ப மெருகேற்றும் பழக்கம் ஆய்வகத்திலும் உண்டு. இங்கே அதற்குப் பலன் இல்லை.

இது தெரியாமல் நடந்ததல்ல. முதல் திட்டத்தில் ஐரோப்பியக் கலம் ஒன்று முன்கூட்டியே போய் நின்று, நிறையை அளந்து, மோதலைப் பக்கத்திலிருந்து பார்ப்பதாக இருந்தது. 2016-இல் அதற்கு நிதி கிடைக்கவில்லை. 2019-இல் ஹீரா என்ற பெயரில் மாற்றுத் திட்டம் ஒப்புதல் பெற்றது. அது புறப்பட்டதே 2024 அக்டோபர் 7-இல். மோதலுக்கு முந்தைய டைமார்ஃபோஸை இனி யாரும் அளக்க முடியாது. ஹீரா பார்க்கப்போவது மாறிய உருவத்தையும் குறைந்த நிறையையும்தான். அடுத்த முறை அளக்கும் கலம் முதலில், இடிக்கும் கலம் பிறகு என்பதே எங்கள் கருத்து. அவசரமான உண்மை ஆபத்தில் அதற்கு நேரம் இருக்காது என்ற எதிர்வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஒத்திகையில் நேரம் இருந்தது.

இரண்டாவது, 3.6-ஐ வேறு சிறுகோளுக்கு அப்படியே எடுத்துச் செல்வது. ஒற்றைக்கட்டி உலோகப் பாறையில் தெறிப்பு குறைவாக இருக்கலாம். தளர்ந்த குவியலில் கலம் புதைந்து தெறிப்பு அடங்கிப் போகவும் கூடும். பாதுகாப்புத் திட்டம் போடுபவர்கள் பீட்டா ஒன்று என்று வைத்துக் கலத்தின் நிறையை முடிவு செய்து, கூடுதலாகக் கிடைப்பதை லாபமாக எடுத்துக்கொள்வதே பத்திரம்.

மூன்றாவது, கலத்தின் வடிவம். 1.3 மீட்டர் பெட்டி, இரு பக்கமும் நீண்ட தகடுகள், எதிரே ஆறு மீட்டர் பாறை. மோதலைக் கணினியில் ஒப்புருவாக்கும்போது கலத்தைத் திண்ம உருண்டையாக வைத்தால் பக்கவாட்டு உந்தம் கணக்கில் வராது. கலத்தின் உண்மை உருவத்தையும், விழும் இடத்திலுள்ள பாறைகளையும் சேர்த்தே ஒப்புருவாக்க வேண்டும்.

இதே கணக்கை மாணவர்களுக்குக் கொடுப்பவர்கள் கூட்டல், கழித்தல் குறியில் கவனமாக இருக்கச் சொல்லுங்கள். தெறித்த பொருளின் உந்தத்துக்குக் கழித்தல் குறி போட மறந்தால் துணைக்கோள் பெற்றது 35.6-உம் 93-உம் சேர்ந்த சுமார் 129 லட்சத்துக்குப் பதிலாக எதிர்க்குறியோடு 57 லட்சம் என்று வரும். அதாவது இடித்த பக்கமே திரும்பி வந்தது என்று பொருள். விடையைப் படம் வரைந்து பார்க்காமல் எண்ணை மட்டும் எழுதுபவர்களுக்கு அது உறைக்காது.

ஹீரா 2025 மார்ச்சில் செவ்வாயைக் கடந்தது. 2026 இறுதியில் டிடிமோஸ் அமைப்பை அடைவது திட்டம். அங்கே இரண்டு கோள்களும் ஒன்றையொன்று எவ்வளவு அசைக்கின்றன என்பதிலிருந்தும், தன் பாதையை அவற்றின் ஈர்ப்பு எவ்வளவு வளைக்கிறது என்பதிலிருந்தும் அது துணைக்கோளின் நிறையைக் கணிக்கும். மேலே 430 கோடி என்று எழுதிய ஒவ்வோர் இடத்திலும் அந்த எண்ணைப் போட்டு வகுத்தலை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.